பதிவேட்டில் இல்லாத ஒன்றரை அடி

போன மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் ஓய்வுபெற்ற அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் பொறியாளர் பேசினார். சாலைகளுக்கு அடியில் உள்ள சிறுபாலங்களை எல்லாம் ஏதோ ஒரு புது மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். பழைய பதிவேட்டைப் புரட்டும்போது என் கையெழுத்தில் ஒரு வரியைப் பார்த்திருக்கிறார்.

“சார், ‘கீழ்ப்புற நீர்மட்டம், கலிங்கலுக்கு மேல் ஒன்றரை அடி, ஆதாரம் ஏழுமலை’ன்னு எழுதியிருக்கீங்க. இந்த ஏழுமலை எந்த ஆபீஸ்ல இருந்தாரு? இங்க ஒரு கட்டத்துல அவரோட பதவியைக் கேக்குது. அதை நிரப்பலைன்னா அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேங்குது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது பெரிய கதைம்மா” என்றேன்.

“அப்ப எழுதி அனுப்புங்க சார். படிச்சுட்டு நிரப்பிக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமல் சொன்னாள். “ஊர் மோரி கதையெல்லாம் அப்புறம் எழுதலாம். பின்னால ஜலதாரை நாலு நாளா அடைச்சிருக்கு. மொதல்ல அதைப் பாருங்க.” அதைக் குத்திவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மழைத் தண்ணீர் சாலையைக் கடந்து போக அடியில் விடும் வழிதான் சிறுபாலம். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அது மோரி. பெரிய பாலத்துக்கு மந்திரி வருவார், ரிப்பன் வெட்டுவார். மோரிக்கு யாரும் வரமாட்டார்கள். அடைத்துக்கொண்டால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். என் உத்தியோக வாழ்க்கையில் பெரும்பகுதி இந்த மோரிகளோடுதான் போயிற்று. எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை.

டிப்ளமோ முடித்தேன், வரைவாளராகச் சேர்ந்தேன், வேலூரில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கோடு போட்டேன். படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது புது அலுவலகங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. என் சொந்த ஊர் போளூர்ப் பக்கம் என்பதால் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சன்னலைத் திறந்தால் மலை தெரியும் மேசை கிடைத்தது. மழை வருமா என்று மலை உச்சியைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவது அங்கே எல்லோருக்கும் வழக்கம்.

அந்தக் காலத்தில் எங்கள் வேலை எளிது. சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். தண்ணீர் வந்து சேரும் நிலப்பரப்பு இவ்வளவு என்றால் குழாய் இத்தனை அடி விட்டம். அதைப் பார்த்து, ஊடுகாகிதத்தில் மைப்பேனாவால் வரைந்து கொடுப்போம். என் கோடு சுத்தமாக இருக்கும் என்று பெயர் எடுத்திருந்தேன். மை சிந்தினால் பிளேடால் சுரண்டிய இடம்கூடத் தெரியாது. தண்ணீர் நான் வரைந்தபடி போயிற்றா என்று திரும்பிப் போய்ப் பார்த்தது கிடையாது. வரைபடம் அழகாக இருந்தது, அது போதும்.

தொண்ணூறுகளின் கடைசியில் கணினி வந்தது. அதற்குப் பிறகு ஓடைகளையும் சிறுபாலங்களையும் திரையிலேயே கட்டித் தண்ணீர் விட்டுப் பார்க்கும் மென்பொருள் ஒன்றும் குறுந்தகட்டில் வந்து சேர்ந்தது. ஐந்து நாள் பயிற்சிக்குச் சென்னைக்கு யாரை அனுப்புவது என்ற பேச்சு வந்தபோது, மழைக்காலத்தில் யாருக்கும் போக மனமில்லை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த என்னை அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் முழுக்க மவுஸைப் பிடித்தபடி மேசையின் ஓரம்வரை போய், அதற்கு மேல் இடமில்லாமல் விழித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பிடிபட்ட பிறகு எனக்கு அது பைத்தியமாகிவிட்டது. செய்முறை இதுதான். முதலில் ஓடை நெடுக நடந்து, இருபது மீட்டருக்கு ஒருமுறை அளவுகோலை நிறுத்தி மட்டம் எடுக்க வேண்டும். அந்த எண்களை ஒன்றொன்றாகத் தட்டினால் திரையில் ஓடையின் குறுக்குவெட்டு வரும். கரையில் புல்லா, முள்செடியா, சிமெண்டா என்று பார்த்துச் சொரசொரப்புக்கு ஓர் எண் போட வேண்டும். குழாயின் விட்டம், இந்தப் பக்க வாய் எவ்வளவு உயரம், அந்தப் பக்க வாய் எவ்வளவு உயரம், மேலிருந்து எவ்வளவு மழை என்றெல்லாம் கொடுக்க வேண்டும். கடைசியாக ஒன்று கேட்கும்: கீழ்ப்புறத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும்? வெளியே போகும் தண்ணீருக்கு அங்கே எதிர்ப்பு உண்டா, இல்லையா என்பது அதை வைத்துத்தான். எல்லாம் கொடுத்துவிட்டு ஓடவிட்டால், ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் கணக்கு முடிந்திருக்கும். நீலக் கோடு ஒன்று, தண்ணீர் எதுவரை ஏறும் என்று காட்டி நிற்கும்.

முதலில் ஒத்திகைக்காகச் செங்கம் சாலையில், ஆசிரமம் தாண்டி இருந்த ஒரு சின்ன மோரியை எடுத்துக்கொண்டேன். நாங்கள் அளவுகோலை நிறுத்தி, அசையாமல் கருவிக்குள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்காரர் வந்து கைகூப்பி ஐந்து நிமிஷம் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார். என்ன வழிபாடு என்று நினைத்தாரோ! கணக்கு ஓடியபோது, இரண்டு மணி நேரம் பலத்த மழை பெய்தால் டீக்கடை வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்று வந்தது. கடைக்காரரிடம் சொன்னேன், சிரித்தார். ஐப்பசியில் அப்படியே நின்றது. அன்றிலிருந்து அவர் எனக்கு டீ கொடுக்கும்போது டம்ளரை இரண்டு கையால் கொடுக்க ஆரம்பித்தார். எனக்கும் தலைக்கனம் ஏறியது. பின்னால் நடந்ததற்கு அந்த டம்ளரும் ஒரு காரணம்.

சுகந்தி மேடம் எங்களுக்கு உதவிக் கோட்டப் பொறியாளராக வந்தது இதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து. கடலூர்க்காரர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் எதைச் சொன்னாலும் “அப்படிங்களா சார்?” என்பார். முதலில் மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான், ‘அதை எனக்குக் காட்டு’ என்று அதற்கு அர்த்தம் என்பது புரிந்தது. கோப்பில் பென்சிலால்தான் எழுதுவார். தப்பு என்று எழுதமாட்டார். சந்தேகம் வந்த சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அனுப்பிவிடுவார். அந்த வட்டத்துக்கு நாங்கள் பட்ட பாடு திட்டு வாங்கியிருந்தால்கூடப் பட்டிருக்க மாட்டோம்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எந்தச் சிறுபாலத்தின் கோப்பிலும் அலுவலக மேசையில் கையெழுத்துப் போடமாட்டார். அந்த இடத்துக்கே போய், கைப்பிடிச் சுவரின் மேல் கோப்பை வைத்துத்தான் போடுவார். அதற்கு முன்னால் கைப்பையிலிருந்து பொரிப் பொட்டலம் வெளியே வரும். மேல்பக்கத் தண்ணீரில் ஒரு பிடி போட்டுவிட்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாலையைக் கடந்து கீழ்ப்பக்கம் போய், பொரி எத்தனை வினாடியில் வெளியே வருகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார்.

“தெர்மாகோல் போட்டா கரெக்டா மிதக்கும் மேடம்” என்று ஒருமுறை யோசனை சொன்னேன்.

“தெர்மாகோல் குப்பை சார். பொரின்னா மீன் தின்னுடும். மீதியை நாம தின்னலாம்” என்று பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

வாங்கித் தின்றேன். ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரு கேலி. தண்ணீரின் வேகத்தை மூன்று தசம இலக்கத்தில் சொல்லும் மென்பொருள் மேசையில் இருக்கிறது, இந்தம்மா பொரி போட்டுப் பார்க்கிறார்களே என்று.

இப்போது அந்தத் தெருவுக்கு வருகிறேன். திருவண்ணாமலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். பெயர் வேண்டாம். சாலைக்கு மேற்கே தாழ்வான இடத்தில் புதுத்தெரு, முப்பது நாற்பது வீடு. சாலைக்குக் கிழக்கே ஏரி. மேற்கிலிருந்து வரும் ஓடை, தெருவை ஒட்டி ஓடி, சாலைக்கு அடியில் ஒரே ஒரு குழாய் வழியாக ஏரிக்குள் போகும். ஏரிக்கு வேறொரு பெரிய கால்வாயும் வடக்கிலிருந்து உண்டு. ஏரி நிறைந்தால் தெற்குக் கோடியில் உள்ள கலிங்கல் வழியாக உபரித் தண்ணீர் வழிந்துவிடும். கலிங்கல் என்றால், இந்த மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடாது என்று கல்லால் கட்டிய வழிந்தோடி.

மழைக்காலம் வந்தால் புதுத்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிடும். குழாய் சிறியது, பெரியதாகக் கட்டிக் கொடுங்கள் என்று நாலு வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மனுவில் முதல் கையெழுத்து பச்சையம்மாள் என்று ஒரு பெண்மணியுடையது. கணவர் இல்லாமல், தையல் மெஷின் ஓட்டி இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தவர். நான் அளவெடுக்கப் போனபோது வீட்டுக்குள் அழைத்துப்போய் மெஷினின் இரும்புக் காலைக் காட்டினார். தரையிலிருந்து அரையடி உயரத்தில் கத்தியால் கீறியதுபோல நேராக ஒரு துருக்கோடு.

“இது வரைக்கும் தண்ணி நின்னுச்சு சார். பதினோரு நாளு. மெஷினைக் கட்டிலு மேல தூக்கி வெக்க ஆளில்ல. தீபாவளித் துணியெல்லாம் திருப்பிக் குடுத்துட்டேன். இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா, மெஷினை வித்துட்டுப் பொண்ணுங்களைப் படிப்பை நிறுத்தி திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பறதைத் தவிர வேற வழியில்ல எனக்கு.”

கேட்டுக்கொண்டேன். ஓடை நெடுக நடந்தேன், தெருவில் ஒவ்வொரு வாசற்படிக்கும் மட்டம் எடுத்தேன். ஏரியின் நீர்மட்டத்துக்குப் பதிவேட்டைப் பார்த்துக் கலிங்கலின் மட்டத்தைப் போட்டேன். மிகத் தாழ்ந்த வாசற்படிகூட அதற்கு ஓர் அடி மேலே இருந்தது. கணக்கு ஓடியது. பழைய குழாயில் தண்ணீர் தேங்கத்தான் செய்யும், ஆனால் ஆறே மணி நேரத்தில் வடிந்துவிடும் என்று வந்தது. குழாயை எடுத்துவிட்டு இரண்டு கண் உள்ள பெட்டிப் பாலம் போட்டால் தேங்கவே தேங்காது. நீலக் கோடு வாசற்படிகளுக்குக் கீழே அழகாக ஓடியது. வண்ணத்தில் அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன்.

கணினி ஆறு மணி நேரம் என்கிறது, பச்சையம்மாள் பதினோரு நாள் என்கிறார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? திரும்பிப் போயிருக்க வேண்டும். நான் செய்ததைச் சொல்கிறேன். ‘நீர் தேங்கிய காலம் குறித்த பொதுமக்கள் கூற்று மிகை’ என்று என் அழகான கையெழுத்தில் கோப்பில் எழுதினேன்.

கோப்பு மேடத்திடமிருந்து திரும்பியபோது ‘மிகை’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு பென்சில் வட்டம் இருந்தது. மக்கள் எப்போதும் கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் சொல்வார்கள் என்று விளக்கம் சொன்னேன். “அப்படிங்களா சார்? சரி, தண்ணி இருக்கறப்பவே போய்க் கையெழுத்து போட்டுடலாம்” என்றார்.

போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. கார்த்திகை தீபம் முடிந்து ஒரு வாரம். மழை விட்டு இரண்டு நாள் ஆகி, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் பாதி வீடுகளின் வாசலில் இன்னும் தண்ணீர். பச்சையம்மாள் மெஷினை அந்த முறை யாரையோ பிடித்துக் கட்டிலின் மேல் ஏற்றியிருந்தார். கையெழுத்துப் போட அதிகாரி வருகிறார் என்று தெருவே சாலையில் கூடி நின்றது. மார்ச்சுக்குள் கோப்பு மேலே போகாவிட்டால் அடுத்த வருஷம்தான் என்பது அவர்களுக்கும் தெரியும்.

மேடம் பொரியை எடுத்தார். தீப சமயம் என்பதால் பொட்டலம் பெரிது. தெருப்பக்கம் ஒரு பிடி போட்டுவிட்டு ஏரிப்பக்கம் போய் நின்றோம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால், போட்ட பொரி குழாயின் வாய்க்குள் நுழையாமல், மெதுவாகத் தெருவைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது.

“காத்து மேடம். கெழக்கால இருந்து அடிக்குது” என்றேன்.

அவர் ஏரிப்பக்கம் போனார். குழாயின் வாய்க்கு நேரே ஒரு பிடி போட்டார். பொரி உள்ளே போயிற்று. சாலையைக் கடந்து வந்தோம். தெருப்பக்க வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

“கொழாய்க்குள்ள என்னங்க சார் காத்து?” என்றார் மேடம்.

தெருத் தண்ணீர் ஏரிக்குப் போகவில்லை. ஏரித் தண்ணீர்தான் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. நான் சொன்ன பெட்டிப் பாலத்தைக் கட்டியிருந்தால் இன்னும் தாராளமாக வந்திருக்கும்.

மேடம் பேனாவை மூடிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, “இன்னைக்குக் கையெழுத்து இல்லைங்க” என்றார். ஒரே சத்தம். பச்சையம்மாள் மட்டும் சத்தம் போடவில்லை. “இந்த வருசமும் இல்லையா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் குனிந்துகொண்டேன்.

கரைமேல் நடந்து கலிங்கலுக்குப் போனோம். அங்கே ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கலிங்கலின் மேல் களிமண்ணை அப்பிக்கொண்டிருந்தார். அவர்தான் ஏழுமலை. அந்த ஏரிக்கு நீர்க்கட்டி. யார் வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று திறந்து அடைப்பது அவர் வேலை. கலிங்கலின் மேல் வரிசையாக ஒன்றரை அடி உயரத்துக்குக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். அவற்றின் இடைவெளிகளில் பலகை செருகி, வைக்கோலும் களிமண்ணும் அடைத்திருந்தார். பதிவேட்டில் உள்ள மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி தண்ணீர் கம்மென்று நின்றது.

“இது எப்பலேருந்துங்க?” என்று கேட்டார் மேடம்.

“இன்னாம்மா இப்படிக் கேக்கறீங்க? வருசா வருசம் ஐப்பசி கடைசியில பலகை போட்டுடுவோமே. இந்த ஒன்னரை அடி இல்லன்னா கதிர் வர்ற நேரத்துல இருவது நாள் தண்ணி கம்மியாப் பூடும். அப்புறம் வைக்கோலுதான் அறுக்கணும்.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க ஏரிப் பாசன ஊர்க்காரர்தானே? உங்க ஊர்ல பலகை போட மாட்டாங்களா?”

“போடுவாங்க மேடம்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“நானே களிமண்ணு சுமந்திருக்கேன் மேடம்.”

“அப்புறம் ஏன் சார் போடல?”

“பதிவேட்டுல இல்ல மேடம்.”

அவர் பென்சிலை எடுத்து ஒன்றரை அடியைக் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பள்ளி விடுமுறையில் என் அப்பாவோடு ஏரிக்குப் போய்ப் பலகை பிடித்தவன் நான். எங்கள் வட்டாரத்தில் கலிங்கல் என்றால் அதற்குமேல் பலகை உண்டு என்பது சோறு என்றால் குழம்பு உண்டு என்பது மாதிரி. ஆனால் கணினி கீழ்ப்புற நீர்மட்டம் என்ன என்று கேட்டபோது அந்த நினைவு எனக்கு வரவே இல்லை. அலுவலகத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்து, பதிவேட்டில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று ஆகிவிட்டிருந்தது. அன்று பச்சையம்மாள் வீட்டுத் துருக்கோட்டுக்குக் கருவி வைத்து மட்டம் எடுத்தேன். பலகையின் மேல்விளிம்பும் துருக்கோடும் ஒரே மட்டம், விரல்கடை வித்தியாசம்கூட இல்லை. பதில் அவர் வீட்டு மெஷின் காலிலேயே இருந்திருக்கிறது.

கிளம்பும் முன் அவரிடம் போய் நின்றேன். “அம்மா, நீங்க சொன்ன பதினோரு நாளை மிகைன்னு எழுதிட்டேன். தப்பு என்னுது.”

“மிகைன்னா?”

“ஜாஸ்தியா சொல்றீங்கன்னு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “கம்மியாத்தான் சார் சொன்னேன். பதிமூணு நாளு நின்னுச்சு. பதிமூணுன்னா நம்ப மாட்டீங்கன்னு பதினொன்னுன்னு சொன்னேன்.”

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். மேடம் பொரி நீட்டினார், அன்று எனக்கு இறங்கவில்லை.

பலகை போடுவது விதிப்படி சரியில்லை. ஏரியைப் பார்க்கும் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டால் எடுக்கச் சொல்லிவிடுவார்கள், எங்கள் தலைவலி தீர்ந்துவிடும். புதுத்தெருக்காரர்கள் அதைத்தான் கேட்டார்கள். “எடுத்தா எங்க வயிறு காயும்” என்று ஏழுமலை அலுவலகத்துக்கே வந்து நின்றார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மேடம் யோசித்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு வேலை சொன்னார். “பலகை இருக்கும், தெருவுலயும் தண்ணி இருக்கக்கூடாது. அதுக்கு வழி இருக்கான்னு மட்டும் பாருங்க சார். இல்லன்னா அப்புறம் லெட்டர் போடலாம்.”

அந்த மார்கழி முழுக்க எனக்கு அதே வேலை. இந்த முறை அந்த ஒன்றரை அடியைப் போட்டு, பழைய குழாயை வைத்து முதலில் ஓடவிட்டேன். தண்ணீர் பதின்மூன்று நாள் நின்றது. மென்பொருள் ஒருநாளும் பொய் சொல்லவில்லை, பாவம். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்லியிருந்தது. பிறகு சாலையை உயர்த்திப் பார்த்தேன், ஓடையை ஆழப்படுத்திப் பார்த்தேன், குழாயை இரண்டாக்கினேன். நீலக் கோடு வாசற்படியை விட்டு இறங்கவில்லை. இருபது இருபத்தைந்து மாதிரிகள் குப்பைக்குப் போயின. நான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவன் இல்லை, ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தால் அந்தத் தையல் மெஷின் கண் முன்னால் வந்து நின்றது.

தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தெற்கே இன்னும் கொஞ்சம் தூரம் மட்டம் எடுத்தால் என்ன என்று தோன்ற, சாலையோரமாக நடந்தேன். கலிங்கல் தாண்டி நானூறு மீட்டரில் சாலை ஒரு பள்ளத்தில் இறங்குகிறது. அந்த இடம் கலிங்கலைவிட இரண்டடி தாழ்வு. ஏரியில் எத்தனை பலகை போட்டாலும் அதன் தண்ணீர் அங்கே வந்து எதிர்க்க முடியாது. தெருத் தண்ணீரை ஏரிக்கு அனுப்ப ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? சாலையோரமாக ஒரு வடிகால் வெட்டி, அந்தப் பள்ளத்தில் புது மோரி வைத்து, கலிங்கலிலிருந்து போகும் உபரி ஓடையில் விட்டுவிட்டால் போதும். பழைய குழாய்க்கு ஒரு அடைப்புக் கதவு. ஏரி பாதி நிறையும்வரை கதவு திறந்திருக்கும், ஓடைத் தண்ணீர் ஏரிக்குப் போகும். ஏரி ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தொட்டதும் கதவை மூடிவிட வேண்டும்; அதன்பிறகு வரும் தண்ணீர் எல்லாம் புது வழியில் போய்விடும். ஓடவிட்டேன். டீ குடிக்கக்கூடப் போகவில்லை, திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீலக் கோடு வாசற்படிக்கு முக்கால் அடி கீழே நின்றது. எழுந்து நின்று சத்தமாகச் சிரித்ததாகப் பக்கத்து மேசைக்காரர் பின்னால் சொன்னார்.

இரண்டு பக்கத்தையும் சாலையில் கூட்டி விளக்கினோம். எல்லாம் ஒத்துக்கொண்டார்கள். கடைசியில் கதவைத் திருகும் கைப்பிடி யாரிடம் இருப்பது என்பதில் வந்து நின்றது. ஏழுமலையிடம் இருந்தால் மூடமாட்டார் என்றது தெரு. தெருவில் இருந்தால் தூறல் போட்டதுமே மூடிவிடுவார்கள், ஏரிக்குத் தண்ணீர் வராது என்றார் ஏழுமலை. மத்தியானம்வரை வாக்குவாதம். மேடம்தான் முடித்துவைத்தார். “கைப்பிடி பச்சையம்மா வீட்டுல இருக்கட்டும். கதவை ஏழுமலைதான் திருகணும். ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் நடக்கும்.” மட்டத்தைக் குறிக்கக் குழாயின் சுவரில் சிவப்புக் கோடு ஒன்று போட்டோம். மாசியில், அதே சுவரின் மேல் கோப்பை வைத்து மேடம் கையெழுத்துப் போட்டார். ‘மிகை’ என்று எழுதியிருந்த தாளை அவர் எடுக்கவிடவில்லை. அது கோப்பிலேயே இருக்கட்டும் என்றார். கூடவே, ஒன்றரை அடியைப் பதிவேட்டில் என் கையாலேயே எழுதச் சொன்னார். ஆதாரம் என்ற இடத்தில் எந்த ஆவணத்தைக் காட்டுவது என்று கேட்டேன். “சொன்னவர் பேரைப் போடுங்க சார்” என்றார்.

அடுத்த கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் அடித்தது மழை. மேடத்துக்கு அதற்குள் மாறுதல் உத்தரவு வந்துவிட்டிருந்தது. இருந்தும் குடையோடு வந்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட இரண்டு விரல் இருந்தது. கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏழுமலை பச்சையம்மாள் வாசலில் நின்றிருந்தார்.

“ஏம்மா, கைப்புடி குடு. நேரமாச்சு.”

“கோட்டைத் தொட்டுச்சா?”

“தொடப் போவுது.”

“தொடட்டும். அதுக்குள்ள இந்தக் காபியைக் குடி.”

குடித்துவிட்டு இருவரும் போய்க் கதவைத் திருகினார்கள். மேடம் தெருமுனையில் வடிகாலில் பொரியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கை காட்டினார். நான் நனைந்தபடி புது மோரிக்கு ஓடினேன், ஐம்பத்தைந்து வயதில். சுழித்துக்கொண்டு வந்த செந்நிறத் தண்ணீரில் பொரி வந்தது, ஒன்று, பத்து, ஒரு கூட்டமாகவே வந்து மோரிக்குள் புகுந்து அந்தப் பக்கம் போயிற்று.

“எத்தனை செகண்டு சார்?” என்று பின்னாலேயே குடையோடு வந்துகொண்டிருந்த மேடம் தூரத்திலிருந்து கத்தினார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

கடிகாரத்தைப் பார்க்கவே மறந்துபோயிருந்தேன். “பாக்கல மேடம்!” என்றேன். திரும்பி வரும்போது பச்சையம்மாள் வீட்டில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. தரையில்தான் இருந்தது மெஷின். என் முப்பத்துச் சொச்ச வருஷ வேலையில் அதைவிட நிறைவான சத்தம் எதையும் நான் கேட்டதில்லை.

ஏழுமலை காலமாகிவிட்டார். பச்சையம்மாளின் பெண்கள் இருவரும் படித்து முடித்து வேலையில் இருக்கிறார்கள். கைப்பிடி இன்னும் அந்த வீட்டு ஆணியில்தான் தொங்குகிறதாம்.

இனி, இதை எழுதி அனுப்பச் சொன்ன உன் கேள்விக்கு வருகிறேன், அம்மா. பதவி என்று கேட்கும் கட்டத்தில் ‘நீர்க்கட்டி’ என்று போடு. மென்பொருள் அந்தச் சொல் தெரியாது என்று சொன்னால், தெரிந்துகொள்ளச் சொல். ஆனால் அந்த ஒன்றரை அடியை அப்படியே நகல் எடுத்துவிடாதே. அது பழைய எண். வரும் கார்த்திகையில் ஒருநாள் நேரில் போ, இப்போது பலகை போடுவது யார், எவ்வளவு உயரத்துக்குப் போடுகிறார் என்று பார்த்துக்கொண்டு வா. போகும்போது ஒரு பொட்டலம் பொரி வாங்கிக்கொள். அங்கே யாராவது தண்ணீர் பதினோரு நாள் நின்றது என்று சொன்னால், பதிமூன்றா என்று ஒருமுறை கேட்டுக்கொள்.